கொம்பாவுன் கொடுத்தவங்களைத் திட்டினது போதும், இளநீர் மட்டையைப் பாருங்க

பதிவு கொஞ்சம் நீளம்தான். பாதியில விட்டுடாம படிங்க. தொண்டர் குழுவில இருக்கிற நாங்க ஏழு பேரும் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் போடுறோம். யார் மனசாவது புண்பட்டா நேர்ல வந்து கேளுங்க, பதில் சொல்றோம்.

ஆடித் திருவிழா முடிஞ்சு ரெண்டாவது வாரம் சுகாதார இலாகாவில இருந்து மூணு பேர் வந்தாங்க. செருப்பைக் கழட்டி வச்சிட்டு, தலைவர்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள வந்தாங்க, அதையும் இங்க எழுதணும். மண்டபத்துக்குப் பின்னால குவிச்சுக் கிடந்த இளநீர் மட்டை, பால்குடம் எடுத்த பழைய சொம்புங்க, பந்தல் பிரிச்சு மடக்கிப் போட்ட தார்ப்பாய், எல்லாத்திலயும் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. தேங்கி நின்ன தண்ணியை உறிஞ்சி எடுத்துச் சின்ன பாட்டில்ல ஊத்திக் காட்டினாங்க. கண்ணுக்குத் தெரியுற மாதிரி புழு நெளியுது. ஏடிஸ். 500 ரிங்கிட் கொம்பாவுன் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க.

அன்னிக்கு சாயங்காலம் ஆரம்பிச்சது வாட்ஸ்அப் குழுவில. "கோயிலுக்கே கொம்பாவுனா?" "நம்ம இடம்னா மட்டும்தான் இவங்க கண்ணுக்குத் தெரியும்." "அம்மா சந்நிதியில கொசு கடிச்சு யாருக்கு என்ன ஆகப் போகுது?" ஒருத்தர் வீடியோவே எடுத்துப் போட்டுட்டார், இந்துக்களைக் குறி வச்சுப் பண்றாங்கன்னு. நல்லா ஷேர் ஆகுது. அந்த வீடியோ எடுத்தவர் நின்ன இடத்துக்கு ரெண்டு அடி பின்னாலதான் அந்த இளநீர் மட்டைக் குவியல் இருக்கு. வீடியோவிலயே தெரியுது, வேணும்னா திரும்பப் போட்டுப் பாருங்க. அதை ஒருத்தர்கூட அப்புறப்படுத்தல. மறுநாள் காலையில நாங்கதான் அள்ளி லோரியில ஏத்தினோம்.

குறி வச்சுப் பண்றாங்கன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975-ல வந்தது. வீடு, கடை, பேக்டரி, பள்ளிக்கூடம், கட்டடம் கட்டுற இடம், எதுவா இருந்தாலும் அந்த இடத்தை வச்சிருக்கிறவங்கதான் பொறுப்பு. கோர்ட்டுக்குப் போனா முதல் தடவைக்கே 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம் போடலாம், ஜெயில் தண்டனையும் இருக்கு. 500-ஓட விட்டுட்டுப் போனது சலுகை மாதிரிதான். எங்கள்ல நாலு பேர் பேக்டரியில சூப்பர்வைசர். எங்க பேக்டரிக்கும் வந்திருக்காங்க, பின்னால அடுக்கி வச்சிருந்த பழைய பேலட்டுக்கு மேல போட்ட பிளாஸ்டிக் விரிப்புல புழு பார்த்து எழுதிக் கொடுத்திருக்காங்க. அங்க யாரும் வீடியோ போடல. மறுநாளே எந்த செக்‌ஷன் எந்த இடத்தைப் பார்க்கணும், எந்தக் கிழமை பார்க்கணும்னு பேர் எழுதி ஒட்டியாச்சு. கம்பெனி இடத்துக்கு அவ்வளவு பண்றோம். அம்மன் குடியிருக்கிற இடத்துக்கு வாட்ஸ்அப் சண்டை மட்டும் போதுமா?

"நம்ம கோயில்ல அழுக்குத் தண்ணியே கிடையாதே, தினமும் கழுவுறோமே"ன்னு பலபேர் நெனைக்கிறாங்க. அதனால கொசுவைப் பத்தி நாங்க விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றோம்.

அபிஷேகப் பாலும் சந்தனமும் கலந்து ஓடி லோங்காங்குல தேங்குதே, அந்த நாத்தம் பிடிச்ச தண்ணியில வர்றது பெரும்பாலும் வேற ஜாதிக் கொசு, ராத்திரி காதுகிட்ட ரீங்காரம் போடுறது. அதுக்கும் டிங்கிக்கும் சம்பந்தமில்ல. டிங்கியைப் பரப்புற ஏடிஸுக்கு சுத்தமான, அசையாத தண்ணிதான் பிடிக்கும். அதாவது மழைத் தண்ணி. கொட்டாங்கச்சி, சீவின இளநீர் மட்டை, பூச்சட்டி அடியில வைக்கிற தட்டு, தகரக் கூரை கட்டர், வாசல் தூண்ல கட்டி வாரக்கணக்கா அவிழ்க்காம விட்ட வாழைமரம். இப்ப புதுசா ஒரு பழக்கம் வந்திருக்கு, வாசல்ல பெரிய உருளி வச்சு பூ மிதக்க விடுறது. போட்டோவுக்கு அழகா இருக்கு. அஞ்சு நாளா அதே தண்ணி, மேல மட்டும் புதுப் பூ. அடியில என்ன நெளியுதுன்னு யார் பார்த்தா? சிங்கப்பூர்ல இருபது காசு நாணயம் அளவு தண்ணி இருந்தா போதும், ஏடிஸ் முட்டை போடும்னு வருஷக்கணக்கா பிரசாரம் பண்றாங்க. இங்க உருளியே வச்சுக் கொடுக்கிறோம்.

இன்னொன்னு பலபேருக்குத் தெரியாது. அந்தக் கொசு முட்டையைத் தண்ணி நடுவுல போடாது. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, பாத்திரத்தோட ஈரமான உள்பக்கத்துல ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிட்டு அப்படியே கவுத்தாம வச்சா முட்டை ஒட்டிக்கிட்டே இருக்கும். காஞ்சு போனாலும் மாசக்கணக்குல சாகாது. அடுத்த மழையில தண்ணி ஏறினதும் பொரிச்சுடும். பொரிச்சு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவா பறக்க ஏழுல இருந்து பத்து நாள். அதனால வெறுமனே கொட்டினா பத்தாது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை தவறாம. திருவிழாவுக்குத் திருவிழா சுத்தம் பண்றது இதுக்குக் கணக்கே இல்ல.

அகல் விளக்குல எண்ணெய் இருக்கு, அதுல கொசு வராதுன்னு பெரியவர் ஒருத்தர் கூட்டத்துல சொன்னார். எண்ணெய் படலம் இருக்கிற வரைக்கும் சரிதான், புழு மூச்சு விட முடியாது. ஆனா வெளியில மரத்தடியில, மதில் மேல வரிசையா ஏத்தி வச்சிட்டுப் போற விளக்குல மழை பெஞ்சா என்ன ஆகும்? எண்ணெய் மேல மிதந்து வழிஞ்சு போயிடும், தண்ணிதான் மிஞ்சும். கார்த்திகை வர்ற நேரமே நம்ம ஊர்ல மழைக்காலம். நூத்தியெட்டு விளக்கு ஏத்துறோம், சந்தோஷம். நூத்தியெட்டையும் மறுநாள் எடுக்கிறது யாரு?

இந்தக் கொசு எப்ப கடிக்கும் தெரியுமா? முக்கியமா விடிஞ்ச பிறகும், பொழுது சாயுற நேரத்திலயும். நம்ம காலைப் பூஜை, சாயரட்சைப் பூஜை நேரம். தாழ்வா பறந்து காலைத் தேடி வரும். நாம செருப்பு இல்லாம, வேட்டி, புடவையோட, சட்டை கழட்டிட்டு நிக்கிறோம். தேவார வகுப்புப் பிள்ளைங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபத்துத் தரையில உக்காந்திருக்காங்க. அந்த மண்டபத்துக்குச் சரியா பின்னாலதான் மட்டைக் குவியல். இதைவிட நல்ல இடம் ஏடிஸுக்கு யாரும் கட்டிக் கொடுக்க முடியாது.

யாருக்கு என்ன ஆகப் போகுதுன்னு கேட்டவங்களுக்கு இப்ப பதில் சொல்றோம். தேவார வகுப்புப் பிள்ளைங்க ரெண்டு பேர் வார்டுல இருந்துட்டு வந்தாங்க. வெள்ளிக்கிழமை பூ கட்டிக் கொடுக்கிற அக்கா பத்து நாள் ஆஸ்பத்திரி, அதுல நாலு நாள் ஐசியு. பொழச்சு வந்துட்டாங்க, ஆனா இன்னும் ஒரு முழம் சேர்ந்தாப்ல கட்ட முடியல, விரல் வலிக்குதுன்றாங்க. தமிழ்நாட்டுல இருந்து வந்து கோயில் பின் அறையில தங்கியிருக்கிற தவில்காரருக்குத்தான் எல்லாருக்கும் முதல்ல காய்ச்சல் வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் கட்டணம் அதிகம். அந்தப் பில்லைப் பத்திச் செயலவையில பேச்சே எழல. கொம்பாவுன் 500 ரிங்கிட்டுக்கு அவசரக் கூட்டம் போட்டாங்க. பின் வரிசை வீட்டு மக்சிக்கோட பேரனும் அட்மிட் ஆனான். திருவிழாவுக்குத் தன் வீட்டு வாசல்லயே கார் நிறுத்த இடம் விடுற அம்மா அவங்க. நம்ம பக்கத்துல இருந்து போய் ஒரு வார்த்தை விசாரிச்சவங்க மூணே பேர்.

கூட்டத்துல ஒருத்தர் சட்டம் பேசினார். "கோயில் கொசுதான் கடிச்சதுன்னு நிரூபிக்க முடியுமா?" முடியாது. எந்தக் கொசு யாரைக் கடிச்சதுன்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஏடிஸ் ரொம்ப தூரம் பறக்கிற கொசு இல்ல, பொறந்த இடத்துக்குச் சில நூறு மீட்டருக்குள்ளதான் சுத்தும். நம்ம கோயிலைச் சுத்தி அந்தத் தூரத்துக்குள்ள எத்தனை வீடு இருக்குன்னு அவரையே எண்ணச் சொல்லுங்க. நிரூபிக்க முடியாதுன்றதை ஒரு தைரியமா வச்சுக்கிட்டுப் புழு வளர்க்கிறது எந்த ஆகமத்துல இருக்கு?

இந்த நாட்டுல டிங்கி சின்ன விஷயம் கிடையாது. 2019-ல 130,101 பேருக்கு வந்து 182 பேர் செத்தாங்க. 2024-லயும் 122,423 பேருக்கு வந்து 117 பேர் போயிட்டாங்க. சிலாங்கூர்தான் எப்பவும் முதல் இடம், நாம இருக்கிற மாநிலம். இந்த வைரஸ்ல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்து குணமானவங்களுக்கு இன்னொரு வகை வந்தா கடுமையாகிற ஆபத்து அதிகம். ஒரு தடவை வந்துட்டுப் போச்சு, இனி பயமில்லன்னு நெனைக்கிறவங்க தயவுசெஞ்சு இதை ரெண்டு தடவை படிங்க.

பப்பாளி இலைச் சாறு குடிச்சா போதும்னு வீட்டுலயே வச்சுப் பார்க்கிறதும் நம்மகிட்ட நிறைய. சாறு குடிக்கிறதை நாங்க தடுக்கல. ஆனா டிங்கியில உயிர் போறது பெரும்பாலும் ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு, ரத்த அழுத்தம் இறங்கிறதால. காய்ச்சல் விடுற நாள்தான், அதாவது மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாள் வரைக்கும், ரொம்ப ஆபத்தான நாள். காய்ச்சல் இறங்கிடுச்சு, அம்மன் காப்பாத்திட்டான்னு நெனைக்கும்போது வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு வந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி மாத்திரை கொடுக்கக் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். பூ கட்டுற அக்கா மூணாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு கோயிலுக்கு வந்து உக்காந்தவங்கதான். சாயங்காலம் மயங்கி விழுந்தாங்க.

இப்ப சாமி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா எங்களை "சாமி நம்பிக்கை இல்லாதவனுங்க"ன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்காங்க.

மாரியம்மன் யாரு? பெரியம்மையும் காலராவும் ஊரையே வாரிக்கிட்டுப் போன காலத்துல நம்ம முன்னோர் கையெடுத்துக் கும்பிட்ட தாய். கப்பல்ல வந்து இறங்கினவங்க முதல்ல எழுப்பின கோயில்கள்ல அவளுக்குத்தான் முன்னிடம். சிங்கப்பூர்ல 1827, பினாங்குல 1833, கோலாலம்பூர்ல 1873. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன். அம்மை போட்ட வீட்டுல பாட்டிங்க என்ன பண்ணினாங்கன்னு ஞாபகம் இருக்கா? வாசல்ல வேப்பிலை சொருகி, வெளியாள் உள்ள வராம, வீட்டாள் வெளிய போகாம, துணிமணி, பாய் எல்லாம் தனியா வச்சு, தினமும் வீட்டைத் துடைச்சு, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் கட்டுப்பாடா இருந்தாங்க. பக்தியும் கட்டுப்பாடும் அவங்களுக்கு ஒண்ணாத்தான் இருந்தது. இப்ப வேப்பிலை மட்டும் பிளாஸ்டிக்ல கூட கிடைக்குது, கட்டுப்பாட்டைக் காணோம்.

நம்ம கிள்ளானையே எடுத்துக்குங்க. 1901-ல போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இப்ப போர்ட் கிள்ளான், திறந்த ரெண்டே மாசத்துல மலேரியாவால மூடுற நிலைமைக்கு வந்துச்சு. கூலிக்கு வந்த நம்ம ஆளுங்களும் அதுல செத்தாங்க. மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் அந்த வருஷம்தான் கிள்ளானுக்கு வந்தார். சதுப்பை வெட்டி வாய்க்கால் போட்டு, புதரை அழிச்சு, தண்ணி தேங்காம பண்ணினதுல காய்ச்சல் இறங்கிச்சு. அது வேற கொசு, வேற நோய். ஆனா இன்னிக்கும் வழி அதேதான்: கொசு வளர்ற தண்ணியை ஒழிக்கணும். அந்தக் காலத்துல காய்ச்சல்ல செத்தவங்க பேரப்பிள்ளைங்க நாம. நூத்தி இருபது வருஷம் கழிச்சு நம்ம கையாலயே தண்ணி தேக்கி வைக்கிறோம், அதுவும் அம்மன் கோயில் மதிலுக்குள்ள.

கோவிட் காலம் மறந்து போச்சா? 2020 மார்ச் 18-ல இருந்து கோயில் நடையையே சாத்தினோம். பிறகு திறந்தப்ப சூடு பார்த்து, பேர் எழுதி, ஒரு மீட்டர் தள்ளி நின்னு கும்பிட்டோம். அம்மன் கோவிச்சுக்கிட்டாளா? அன்னிக்கு அவ்வளவு பண்ணத் தெரிஞ்ச நமக்கு, ஒரு சொம்பைக் கவுத்து வைக்கச் சொன்னா மட்டும் சாஸ்திரக் குற்றம் வந்துடுது.

இன்னொரு கட்சி இருக்கு, "ஃபோகிங் அடிக்கச் சொல்லுங்க, முடிஞ்சுது". புகை அடிச்சா அந்த நேரத்துல பறக்கிற கொசு சாகும். தண்ணியில இருக்கிற புழுவை, ஒட்டிக்கிட்டிருக்கிற முட்டையைப் புகை தொடாது. ஒரு வாரத்துல அடுத்த செட் கிளம்பும். அதுவும் அது பூச்சிக்கொல்லி மருந்து. அன்னதானச் சமையல் நடக்கிற இடத்துல வாரா வாரம் அடிக்கிற ஊதுபத்தி இல்ல. அபேட் மருந்து அப்படிக் கிடையாது, நேரா புழுவைக் கொல்லும். ஆனா கவுத்த முடியாத தொட்டிக்குத்தான் அது, பத்து லிட்டர் தண்ணிக்கு ஒரு கிராம் கணக்கு. கவுத்தக் கூடியதைக் கவுத்துறதுக்கு மருந்தும் வேணாம், காசும் வேணாம்.

கடைசியில பழி யார் மேல விழுந்துச்சு தெரியுமா? பண்டாரம் சரியா கூட்டலன்னு. அந்த மனுஷன் காலையில நாலரைக்கு எழுந்து நடை திறந்து, மடப்பள்ளி வேலை பார்த்து, ராத்திரி பத்துக்குத்தான் படுக்கிறார். ஆடி வெள்ளிக்கு வந்த நூத்துக்கணக்கான இளநீரை அவர் ஒத்தை ஆளா அப்புறப்படுத்தணுமாம். உபயம் பண்ணினவங்க பேரை மைக்குல மூணு தடவை வாசிச்சாங்க. மட்டையை அள்ள லோரி வாடகைக்குக் காசு கேட்டப்ப, அடுத்த மாசம் பார்ப்போம்னாங்க. குவியலைப் பத்தி நாங்க திருவிழாவுக்கு முந்தியும் சொன்னோம், முடிஞ்ச மறுநாளும் சொன்னோம். குழுவில அந்த மெசேஜ் இன்னும் இருக்கு.

செயலவைக்கு நாங்க கேக்கிறது இதுதான், எழுத்துல பதில் வேணும். வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளிப் பூஜைக்கு எப்படியும் பாத்திரம் துலக்குறோம். அதோட சேர்த்துக் கோயில் முழுக்க, பின்பக்கம், கூரை கட்டர், தங்குற அறை, கழிவறைத் தொட்டி வரைக்கும் பார்த்து, பார்த்தவர் கையெழுத்து போடுற ஒரு தாள் ஆபீஸ் சுவத்துல ஒட்டணும். இளநீர் மட்டை, தேங்காய் ஓடு அள்ளுற லோரிச் செலவை ஒவ்வொரு திருவிழா பட்ஜெட்லயும் பூச்செலவுக்கு மேல எழுதணும். தவில்காரரோட ஆஸ்பத்திரிப் பில்லைக் கோயில் கட்டணும். கொம்பாவுனை அப்பீல் பண்ணப் போறோம்னு பேச்சு இருக்கு, அதை விட்டுட்டு நேரத்தோட கட்டுங்க. மக்சிக் வீட்டுக்குத் தலைவரே ஒரு தடவை போய்ட்டு வரணும்.

பக்தர்கள் பங்குக்கு: நேர்த்திக்கடன் இளநீர் கொண்டு வர்றவங்க, அபிஷேகம் முடிஞ்சதும் மட்டையை நாலாப் பிளந்து பச்சைத் தொட்டியில போடுங்க, பிளந்த மட்டையில தண்ணி நிக்காது. கத்தி மடப்பள்ளி வாசல்ல கட்டி வச்சிருக்கோம். விளக்கு ஏத்தினவங்க மறுநாள் வர முடியலன்னா உள்பிரகாரத்துல ஏத்துங்க. பிள்ளைங்களுக்கு வகுப்பு நாள்ல முழங்கால் மூடுற மாதிரி உடுத்தி, கொசு மருந்து தடவி அனுப்புங்க.

வர்ற ஞாயிறு காலை 8 மணிக்கு கோத்தோங் ரோயோங். கூரை கட்டர் இதுவரைக்கும் யாரும் ஏறிப் பார்த்ததில்ல, பன்னிரண்டு அடி ஏணி வச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க. தேய்க்கிற பிரஷ், கையுறை, கோணிப்பை நாங்க வாங்கிட்டோம். லோரி 11 மணிக்கு வரும், அதுக்குள்ள பின்பக்கம் முடியணும். பசியாற இட்லி, சாம்பார் உண்டு. வீடியோ போட்டவரும் வரணும்.